ஒளிநாடாவிலிருந்து குறுந்தட்டுக்கு: ஜொகூர்த் தமிழர் இல்லப் பதிவுகளும் அவற்றின் வரலாற்று மதிப்பும்

முன்னுரை

வரலாறு எழுதுவோர் கல்வெட்டு, செப்பேடு, அரசு ஆவணம், நாளேடு ஆகியவற்றைச் சான்றாகக் கொள்வது மரபு. மலேசியத் தமிழர் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. குடிநுழைவுப் பதிவேடுகள், தொழிலாளர் துறை அறிக்கைகள், தோட்ட நிருவாகக் கடிதங்கள், தமிழ் நாளேடுகள் ஆகியவை அதற்கு அடிப்படையாக அமைந்தன. இவற்றுள் நாளேடுகள் நீங்கலாகப் பெரும்பாலானவை தமிழரைப் பற்றிப் பிறர் எழுதிவைத்தவை. தோட்டத் தமிழர் தம் வீட்டு முற்றத்தில் நின்று தம்மைத் தாமே பதிவு செய்துகொண்ட சான்றுகள் மிகக் குறைவு.

அக்குறையை ஓரளவு போக்கவல்ல சான்று ஒன்று நம் இல்லங்களின் அலமாரிகளில் தூசி படிந்து கிடக்கிறது. அதுவே ஒளிநாடா, மக்கள் வழக்கில் வீடியோ கேசட். திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, இறுதிச் சடங்கு என இல்ல நிகழ்வுகள் பலவும் 1980களிலும் 1990களிலும் இந்நாடாக்களில் பதிவாயின. பின்னர் அவற்றைக் குறுந்தட்டுகளுக்கு மாற்றும் பழக்கம் தோன்றியது. இம்மாற்றம் இல்ல அளவில் நடைபெற்ற சிறு செயலாகவே கருதப்படுகிறது. ஆயின், எந்தச் சான்று எஞ்சும், எது அழியும் என்பதை முடிவு செய்யும் செயல் அது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

இக்கட்டுரையில் ஜொகூர் மாநிலத்தை மையமாகக் கொண்டு மூன்று வினாக்களுக்கு விடை காண முற்படுகிறோம். ஒளிநாடாக்களில் பதிவான உலகம் எத்தகையது? அவை குறுந்தட்டுகளாக மாறியபோது பெற்றவை யாவை, இழந்தவை யாவை? எஞ்சியிருக்கும் நாடாக்களைக் காக்க இன்று செய்யத்தக்கது யாது?

ஒளிநாடாவின் வருகை

இல்லங்களில் பயன்படுத்தத்தக்க ஒளிநாடாக் கருவிகளுள் சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் 1975இலும், ஜே.வி.சி. நிறுவனத்தின் வி.எச்.எஸ். 1976இலும் ஜப்பானில் அறிமுகமாயின. ஏறத்தாழப் பத்தாண்டுப் போட்டிக்குப் பின்னர் வி.எச்.எஸ். முறையே உலகின் பெரும்பகுதியில் நிலைபெற்றது. மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. 1978 இறுதியில் வண்ண ஒளிபரப்பு வந்தது. 1984இல் டிவி3 என்னும் முதல் தனியார் நிலையம் தோன்றியது. ஆகவே, வண்ணத் தொலைக்காட்சியும் ஒளிநாடாக் கருவியும் மலேசிய இல்லங்களுக்குள் ஏறத்தாழ ஒரே காலத்தில் நுழைந்தன எனலாம்.

ஜொகூர் மாநிலத்திற்கு இதில் தனித்தன்மை ஒன்று உண்டு. 1924இல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டரைச் சற்றே விஞ்சிய பாலம் மட்டுமே ஜொகூர் பாருவைச் சிங்கப்பூரிலிருந்து பிரிக்கிறது. சிங்கப்பூர்த் தொலைக்காட்சி 1963 பிப்ரவரி முதல் ஒளிபரப்பாகி வந்தது. அதன் அலைகள் நீரிணையைக் கடந்து தென்ஜொகூர் இல்லங்களையும் எட்டின. எனவே அங்கு வாழ்ந்த தமிழர் மலேசிய வானொலி தொலைக்காட்சியின் தமிழ் நிகழ்ச்சிகளோடு சிங்கப்பூரின் தமிழ் நிகழ்ச்சிகளையும் கண்டனர். விரும்பியவற்றைப் பதிவும் செய்துகொண்டனர். மலேசியா, சிங்கப்பூர், இந்தியா ஆகிய மூன்று நாடுகளும் 625 வரிகள் கொண்ட பால் என்னும் ஒரே ஒளிபரப்பு முறையைப் பின்பற்றியது இதற்குத் துணைபுரிந்தது. தமிழ்நாட்டில் பதிவான நாடா ஜொகூரில் எவ்வித மாற்றமும் இன்றி ஓடியது. ஜொகூரில் எடுத்த திருமண நாடாவைத் தமிழகத்து உறவினர் அவ்வாறே காண முடிந்தது. கடல் கடந்த உறவைக் கடிதமும் புகைப்படமும் மட்டுமே தாங்கி வந்த நிலையில், அசையும் உருவமும் குரலும் சென்றுசேர வழி பிறந்தது.

தோட்டங்களில் முன்பு திறந்தவெளியில் வெள்ளைத் துணி கட்டித் திரைப்படம் காட்டுவது வழக்கம். அது ஊர் கூடிக் காணும் காட்சி. ஒளிநாடாக் கருவி அக்காட்சியை வீட்டிற்குள் கொண்டு வந்தது. கருவி வைத்திருந்த வீட்டில் அண்டை வீட்டார் கூடினர். பட்டணத்துக் கடைகளில் தமிழ்த் திரைப்பட நாடாக்கள் வாடகைக்குக் கிடைத்தன. படம் பார்ப்பதற்கென வாங்கிய கருவியே தம் வீட்டு நிகழ்ச்சியைப் பார்ப்பதற்கும் பயன்படும் என்பதை மக்கள் விரைவில் உணர்ந்தனர். 1980களின் நடுவில் படக்கருவியும் பதிவுக்கருவியும் ஒன்றாக இணைந்த கையடக்க ஒளிப்பதிவுக் கருவிகள் சந்தைக்கு வந்தன. அதன்பின் புகைப்பட நிலையத்தார் திருமண ஒளிப்பதிவையும் தம் தொழிலாக ஏற்றனர். மணமேடையில் பளிச்சிடும் விளக்கும், அதன் பின்னே தோளில் கருவி தாங்கிய ஒளிப்பதிவாளரும் இல்லாத திருமணம் அரிதாயிற்று.

பதிவான உலகம்

ஜொகூரில் தமிழர் குடியேற்றம் இரப்பரோடும் இருப்புப்பாதையோடும் பிணைந்தது. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909இல் முடிவுற்றது. அப்பாதையை ஒட்டிய சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் ஆகிய வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைத்தோருள் பெரும்பகுதியினர் தமிழர். லயன் வீடுகள், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக் கொட்டகை, பெரட்டுக் களம், திடல் ஆகியவை கொண்ட தோட்டம் ஒரு முழுச் சமுதாயமாக மூன்று தலைமுறைக்கு மேல் நிலவியது.

அச்சமுதாயம் கலைந்த காலமும் ஒளிநாடாவின் காலமும் ஒன்றே என்பது இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1981இல் கத்திரி நிறுவனம் மலேசியர் கைக்கு மாறியது. பிற பெருந்தோட்ட நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை பரவியது. செம்பனைக்குக் குறைந்த ஆட்களே போதுமானதாக இருந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமை பெற்றது. சிங்கப்பூருக்கான இரண்டாம் பாலம் 1998இல் திறக்கப்பட்டது. 2006இல் இஸ்கந்தர் வளர்ச்சி வட்டாரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. தென்ஜொகூரில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. இன்று இஸ்கந்தர் புத்திரி என வழங்கும் பகுதியில் எழுந்துள்ள வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் அடியில் முன்னாள் தோட்ட நிலம் இருக்கிறது. ஸ்கூடாய் வட்டாரத்தில் பெரியதொரு குடியிருப்புப் பகுதிக்குள் அமைந்துள்ள ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளியைக் காண்க. பெயரில் தோட்டம் நிற்கிறது. சுற்றிலும் தோட்டம் இல்லை.

இவ்வாறு மறைந்த இடங்களின் அசையும் உருவம் எங்கே கிடைக்கும்? நில அலுவலக வரைபடம் எல்லையைக் காட்டும். நிறுவன அறிக்கை விளைச்சலைக் காட்டும். லயன் வீட்டு வாசலில் எத்தகைய கோலம் இடப்பட்டது, பந்தக்கால் எவ்வாறு நடப்பட்டது, மாப்பிள்ளை ஊர்வலம் எவ்வழியே சென்றது, பந்தியில் யார் பரிமாறினர், கோயில் முன் எத்தனை மரங்கள் நின்றன என்பவற்றை அவை காட்டா. இவையனைத்தும் ஒரு திருமண நாடாவில் கேட்காமலேயே பதிவாகியுள்ளன. ஒளிப்பதிவாளர் மணமக்களை நோக்கிக் கருவியைத் திருப்பியபோது, பின்னணியில் ஒரு வாழ்க்கை முறையும் உடன் சிக்கியது.

நகர்ப்புறத்திற்கும் இது பொருந்தும். ஜொகூர் பாருவின் அருள்மிகு ராஜகாளியம்மன் ஆலயம் 1922இல் எளிய குடிலாகத் தோன்றியது. 2000களின் இறுதியில் அது கண்ணாடித் துண்டுகளால் அணிசெய்யப்பட்டுக் கண்ணாடிக் கோயில் எனப் புகழ் பெற்றது. உலகெங்கிலுமிருந்து வரும் பயணியர் எடுத்த படங்களால் இன்றைய கோயிலின் தோற்றம் ஆயிரமாயிரமாகப் பெருகிக் கிடக்கிறது. முந்திய கோயிலை அறிய விரும்புவோருக்கோ, அங்கு வழிபட்ட, அங்கு மணம் முடித்த குடும்பங்களின் பழைய நாடாக்களே துணை நிற்கக்கூடும்.

உருவத்தினும் அரியது குரல். 1985இல் நடந்த திருமணம் ஒன்றில் எழுபது அகவை முதியவர் ஒருவர் மணமக்களை வாழ்த்திப் பேசுகிறார் எனக் கொள்வோம். அவர் 1915 அளவில் பிறந்தவர். கப்பலேறி வந்த தலைமுறையினராகவோ அத்தலைமுறையின் பிள்ளையாகவோ இருப்பார். 1942 முதல் 1943 வரை நடந்த சயாம் பர்மா இரயில்பாதைக் கட்டுமானத்தின்போது அவர் முழு வளர்ச்சியுற்ற இளைஞர். அவருடைய பேச்சில் ஒலிக்கும் வட்டார வழக்கு, உறவுமுறை விளி, வாழ்த்து மரபு ஆகியவை மொழியியலாருக்கும் கருவூலம் ஆகும். அத்தலைமுறையினருள் பெரும்பாலோர் நேர்காணலுக்கு அழைக்கப்படாமலேயே மறைந்தனர். அவர்களுள் பலருக்கு எஞ்சியிருக்கும் குரற்பதிவு, ஏதேனும் இருப்பின், இத்தகைய நாடாவிலேயே இருக்கும்.

எனினும் இச்சான்றைக் கையாளுங்கால் எச்சரிக்கை தேவை. ஒளிப்பதிவுக்குப் பணம் செலுத்த முடிந்தோரின் நிகழ்ச்சியே பெரிதும் பதிவாயிற்று. விழா பதிவாயிற்று, உழைப்பு பதிவாகவில்லை. விடியலில் பால் வெட்டச் செல்லும் பெண்ணை எவரும் படம் பிடிக்கவில்லை. மணமேடையைச் சுற்றி நின்றோர் தெரிகின்றனர். அடுக்களையில் நின்றோர் அரிதாகவே தெரிகின்றனர். கருவியின் முன் மக்கள் தம் சிறந்த ஆடையோடும் சிறந்த முகத்தோடும் நின்றனர். இவற்றை மனத்திற்கொண்டு ஆராய்வோருக்கே நாடா நம்பத்தகுந்த சான்றாக அமையும்.

நாடாவின் இயல்பும் நலிவும்

வி.எச்.எஸ். நாடா 12.7 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய பாலியெஸ்டர் பட்டை. அதன்மேல் காந்தத் துகள்கள் பசைப்பொருள் ஒன்றினால் ஒட்டப்பட்டுள்ளன. மூன்று மணி நேர நாடாவில் 250 மீட்டருக்கு மேற்பட்ட பட்டை சுற்றப்பட்டிருக்கும். சுழலும் உருளையில் பொருத்திய காந்த முனைகள் அப்பட்டையைச் சாய்வாக உரசிச் சென்று படத்தைப் படிக்கின்றன. ஆதலின், ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் நாடா சிறிது தேய்கிறது. மிகவும் விரும்பிப் பார்த்த நாடாவே மிகவும் நலிந்த நாடாவாக இருப்பது இதனாலேயே.

காலநிலை மற்றொரு பகை. பசைப்பொருள் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துச் சிதையும் தன்மையுடையது. ஆவணக் காப்பகங்கள் காந்த நாடாவைக் குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைக்கப் பரிந்துரைக்கின்றன. ஜொகூரிலோ ஆண்டு முழுதும் வெப்பமும் ஈரப்பதமும் மிகுதி. மூடிய அலமாரியில் வைத்த நாடாவின் சுருள் ஓரங்களில் வெண்மையான பூஞ்சை படர்வதைப் பல இல்லங்களில் காணலாம். அந்நிலையில் நாடாவைக் கருவியில் இட்டால், நாடா அறுபடுவதோடு பூஞ்சை கருவிக்குள்ளும் பரவி அடுத்து இடப்படும் நாடாவையும் பற்றும்.

இவற்றினும் கொடியதாக வெள்ளம் வந்தது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் இருமுறை பெருவெள்ளத்திற்கு உள்ளானது. கோத்தா திங்கி, சிகாமட், குளுவாங், மூவார், பத்து பகாட் முதலிய வட்டாரங்கள் நீரில் மூழ்கின. ஒரு இலட்சத்திற்கு மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2011இலும் 2023இலும் மீண்டும் வெள்ளம் வந்தது. வெள்ளச் சேதக் கணக்கில் வீடும் பயிரும் பாலமும் இடம்பெறும். சேற்றில் ஊறிய குடும்பப் படத்தொகுப்பும் ஒளிநாடாவும் எக்கணக்கிலும் ஏறுவதில்லை. வீட்டிற்கு ஒன்றாக இருந்த ஒரே படி அழிந்தபின் அதனை எவ்விதத்திலும் மீட்க இயலாது.

குறுந்தட்டுக்கு மாறிய காலம்

வி.சி.டி. எனப்படும் ஒளிக் குறுந்தட்டு முறை 1993இல் வகுக்கப்பட்டது, டி.வி.டி. 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. மேலை நாடுகளில் வி.சி.டி. பெரிதாக வேரூன்றவில்லை. தென்கிழக்காசியாவிலோ அது நாடாவின் இடத்தை விரைந்து கைப்பற்றியது. தட்டு மலிவு, கருவியும் மலிவு, ஈரத்தில் பூஞ்சை பற்றும் என்னும் அச்சமும் குறைவு. திருட்டுத் தட்டுகள் பெருகியமையால் மலேசிய அரசு குறுந்தட்டு உற்பத்திக்கு உரிமம் கட்டாயம் என 2000ஆம் ஆண்டின் ஒளித்தட்டுச் சட்டத்தின்வழி விதித்தது. அதே காலத்தில் கணினியில் தட்டு எழுதும் கருவி பரவியது. பழைய திருமண நாடாவைக் கொடுத்தால் வி.சி.டி.யாக மாற்றித் தரும் பணி புகைப்பட நிலையங்களில் வழக்கமாயிற்று.

மாற்றும் முறை எளியது. நாடாக் கருவியிலிருந்து வரும் ஒப்புமைக் குறிப்பலை கணினிக்குள் இலக்கமாக மாற்றப்படும். பின்னர் சுருக்கப்பட்டுத் தட்டில் எழுதப்படும். மூன்று மணி நேர நாடாவைப் படிக்க முழுதாக மூன்று மணி நேரம் ஆகும், விரைவுபடுத்த வழியில்லை. ஒரு வி.சி.டி. ஏறத்தாழ 74 நிமிடக் காட்சியையே கொள்ளும். ஆகவே மூன்று மணி நேர நாடாவுக்கு மூன்று தட்டுகள் தேவைப்பட்டன.

பெற்ற நன்மை தெளிவானது. ஒரு நாடா பல தட்டுகளாகி, அண்ணன் வீட்டிற்கு ஒன்றும் தங்கை வீட்டிற்கு ஒன்றுமாகச் சென்றது. ஒரு வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் மறுவீட்டுத் தட்டு பிழைத்தது. இந்நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது.

இழப்போ உடனே புலப்படவில்லை. பால் முறையில் நொடிக்கு 50 அரைப்படங்கள் பதிவாகின்றன. இரண்டு அரைப்படங்கள் இணைந்து 576 வரிகள் கொண்ட ஒரு படமாகின்றன. வி.சி.டி. 288 வரிகளை மட்டுமே ஏற்கும். ஆதலின், பொதுவாக ஓர் அரைப்படம் கைவிடப்பட்டது. செங்குத்து நுட்பத்தில் பாதியும் அசைவின் நுட்பத்தில் பாதியும் இவ்வாறு நீங்கின. கூட்டத்தில் தூரத்தே நின்ற பாட்டியின் முகமும், கோயில் வாயிலில் எழுதியிருந்த பெயர்ப்பலகையும் சதுரச் சதுரமான புள்ளிகளாகக் கரைந்தன. 576 வரிகளையும் தாங்கவல்ல டி.வி.டி. பரவுவதற்குள் பல குடும்பங்கள், மாற்றியாயிற்று என்னும் நிறைவில், மூல நாடாவைக் குப்பையில் இட்டுவிட்டன.

அதனினும் பெரிய இழப்பு வெட்டுதலால் நேர்ந்தது. தட்டின் எண்ணிக்கையைக் குறைக்கவும், பார்ப்போர்க்குச் சலிப்பு வாராதிருக்கவும், நீண்ட காட்சிகள் நீக்கப்பட்டன. பந்தியைச் சுற்றி மெல்ல நகரும் காட்சி, வருகையாளர் வரிசை, மொய் எழுதும் இடம், முதியோரின் நீண்ட வாழ்த்துரை ஆகியவையே பெரும்பாலும் முதலில் வெட்டுண்டன. எஞ்சிய பகுதியில் இயல்பொலியை நீக்கித் திரைப்பாடல் சேர்ப்பதும் உண்டு. குடும்பத்தாருக்குச் சலிப்பூட்டும் பகுதியே ஆய்வாளருக்கு இன்றியமையாத பகுதியாக இருப்பதை இங்கு உணர்கிறோம். தாலி கட்டும் காட்சி எல்லா நாடாக்களிலும் ஏறத்தாழ ஒன்றே. பந்தியில் அமர்ந்தோர் ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடுவர். பொதுவானதைக் காத்துத் தனித்தன்மையை வெட்டியெறிந்தது அக்காலத்துத் தொகுப்பு முறை.

சட்டத்தின் நிலை

சொந்தப் பயன்பாட்டுக்காக நாடாவைத் தட்டுக்கு மாற்றுவது சட்டத்திற்கு உடன்பட்டதா என்னும் ஐயம் பலருக்கு உண்டு. மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதற்கு அடிப்படை. நாடாவை மூன்று வகையாகப் பிரித்து நோக்குதல் நன்று.

முதலாவது, குடும்பத்தார் தாமே எடுத்ததோ கூலி கொடுத்து எடுப்பித்ததோ ஆகும். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, ஒருவர் பணித்துச் செய்வித்த படைப்பின் பதிப்புரிமை பணித்தவருக்கே மாற்றப்பட்டதாகக் கருதப்படும் என இச்சட்டம் கூறுகிறது. ஆகவே பொதுவாகத் திருமண நாடாவின் உரிமை எடுப்பித்த குடும்பத்தினுடையது. அதனைத் தட்டுக்கு மாற்றிக்கொள்ளத் தடையில்லை. அதில் பிறர் இசையமைத்த திரைப்பாடல் சேர்ந்திருப்பின், பொதுவெளியில் பரப்பும்போதுதான் சிக்கல் எழும்.

இரண்டாவது, தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்தது. ஒளிபரப்பை ஒருவர் தம் சொந்த, இல்லப் பயன்பாட்டிற்காகப் பதிவு செய்துகொள்வதை இச்சட்டம் விதிவிலக்காக ஏற்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1984இல் சோனி நிறுவனத்தைப் பற்றிய வழக்கில், பின்னர் பார்ப்பதற்காக இல்லத்தில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடே என ஐந்துக்கு நான்கு என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மூன்றாவது, விலைக்கோ வாடகைக்கோ வந்த திரைப்பட நாடா. அதனைப் படியெடுப்பதற்கு இவ்விதிவிலக்கு இடந்தராது. இம்மூன்றனுள் முதலிரண்டுமே வரலாற்று மதிப்பு மிக்கவை என்பதும், அவ்விரண்டிலும் சட்டம் பெரிதும் குடும்பத்தார் பக்கமே நிற்கிறது என்பதும் ஆறுதல் தருவன.

தொலைக்காட்சிப் பதிவை மதிப்பற்றதென ஒதுக்கிவிடலாகாது. பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் 1960களிலும் 1970களிலும் தன் நிகழ்ச்சிகள் பலவற்றை அழித்துவிட்டது. பின்னாளில் அவற்றுள் சிலவற்றின் ஒலியை மீட்க நேயர்கள் வீட்டில் செய்துவைத்த ஒலிப்பதிவுகளே உதவின. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மேரியன் ஸ்டோக்ஸ் என்னும் அம்மையார் 1970களின் பிற்பகுதி முதல் 2012இல் மறையும் வரை தொலைக்காட்சிச் செய்திகளை இடைவிடாது பதிவு செய்தார். ஏறத்தாழ 70,000 நாடாக்கள் கொண்ட அத்தொகுப்பு இன்று ஆய்வாளர்க்கு உரிய கருவூலமாகியுள்ளது. நீரிணையின் இரு கரைத் தமிழ் நிகழ்ச்சிகளும் பதிவான ஜொகூர் இல்லத்து நாடாவும் அவ்வகைச் சான்றாக அமையத்தக்கதே.

ஏடு பெயர்த்தெழுதும் மரபு

தட்டுக்கு மாற்றியதோடு கடமை முடிந்தது என எண்ணுவது பெருந்தவறு. வீட்டில் எழுதப்படும் தட்டில் தகவல் ஒருவகைச் சாயப் படலத்தில் பதிகிறது. வெயிலும் வெப்பமும் ஈரமும் அச்சாயத்தை நலியச் செய்யும். 2000களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட தட்டுகளுள் பல இன்று திக்கித் திக்கி ஓடுகின்றன. சில ஓடுவதே இல்லை. கருவிகளின் நிலையும் அதுவே. உலகில் எஞ்சியிருந்த நாடாக் கருவி உற்பத்தியாளரான ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. புதிய மடிக்கணினிகளில் தட்டுக் கருவி இடம்பெறுவதே அரிதாகிவிட்டது. எழுதத்தக்க புளூ ரே தட்டுகளின் உற்பத்தியையும் சோனி 2025இல் கைவிட்டது. யுனெஸ்கோவும் அனைத்துலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் இணைந்து 2020இல் வெளியிட்ட காந்த நாடா எச்சரிக்கை அறிக்கை, நாடாக்களைப் படிக்கும் வாய்ப்பு விரைந்து மறைந்து வருவதை உலகிற்கு உணர்த்தியது.

இந்நிலை தமிழருக்குப் புதிதன்று. பனையோலைக்கும் ஆயுள் உண்டு. கரையானும் ஈரமும் அதனை அரிக்கும். ஆதலின் ஏடு நலிவதற்கு முன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுவதை நம் முன்னோர் இடையறாக் கடமையாகக் கொண்டனர். சங்க நூல்கள் நம்மை வந்தடைந்தது ஒரே ஏடு நெடுங்காலம் நிலைத்ததால் அன்று. தலைமுறைதோறும் எவரோ ஒருவர் பெயர்த்தெழுதியதால். அச்சங்கிலி அறுபடவிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாத ஐயரும் ஏடு தேடி அலைந்தனர். 1887ஆம் ஆண்டில் கலித்தொகையும் சீவக சிந்தாமணியும் அச்சேறியது அவ்வுழைப்பின் பயன். பெயர்த்தெழுதப்படாத நூல்களோ பெயரளவில் நின்றன. அசையும் படத்திலும் இப்பாடம் உண்டு. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் படத்தின் படி ஒன்றும் இன்று எஞ்சவில்லை. ஆயிரக்கணக்கானோர் கண்ட படமே அழிந்தது எனின், ஒரே படியாக உள்ள இல்ல நாடாவின் நிலை கூறாமலே விளங்கும்.

செய்யத்தக்கன

மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் 1957இல் தோன்றியது. அதன் முதன்மைப் பணி அரசு ஆவணங்களைக் காத்தல். 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் வெளியிடப்பட்டவற்றையே தழுவும். இல்ல நாடா இவ்விரண்டு எல்லைக்கும் வெளியே நிற்கிறது. ஆகவே அதனைக் காக்கும் பொறுப்பு முதற்கண் குடும்பத்தையே சாரும். அவ்வகையில் சில செயல்களை முன்மொழிகிறோம்.

முதலாவதாக, நாடாவைத் தொடக்கம் முதல் இறுதி வரை வெட்டாமல் மாற்றுதல் வேண்டும். சுருக்கிய தொகுப்பு தேவையெனின் அதனைத் தனியே செய்துகொள்ளலாம். இரண்டாவதாக, பூஞ்சை கண்ட நாடாவைத் தாமே ஓட்டிப் பார்க்காமல், தூய்மை செய்யத் தெரிந்தவரிடம் ஒப்படைத்தல் நன்று. மூன்றாவதாக, தட்டு ஒன்றை மட்டும் நம்பாமல், மாற்றிய கோப்பை வன்தட்டு இரண்டிலேனும் படியெடுத்து, வெவ்வேறு வீடுகளில் வைத்தல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அவை திறக்கின்றனவா எனச் சோதித்தலும் தேவை. நான்காவதாக, மாற்றிய பின்னரும் மூல நாடாவை எறியலாகாது. முன்பு வி.சி.டி.யாக மாற்றிய குடும்பத்தில் நாடா இன்னும் இருக்குமாயின், அதனை மீண்டும் ஒருமுறை உயர்ந்த தரத்தில் மாற்றுதல் பயன்தரும்.

ஐந்தாவது செயல் பணச்செலவற்றது. ஆயினும் அதுவே மிக விரைந்து செய்யத்தக்கது. படத்தில் இருப்போர் யாவர், இடம் எது, நாள் எது என்பதை முதியோரை அருகில் அமர்த்திக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். பெயரற்ற முகங்கள் நிறைந்த நாடா பாதி ஊமையானது. நாடா இன்னும் சில ஆண்டுகள் தாங்கலாம். முகத்தைக் கண்டு பெயர் கூறவல்லோர் அதுவரை இருப்பர் என்பதற்கு உறுதியில்லை.

பல்கலைக்கழகத் துறைகளுக்கும் தமிழ் அமைப்புகளுக்கும் இதில் பங்குண்டு. குடும்பத்தார் இசைவு பெற்றுப் படியொன்றை ஆய்வுக்கென வாங்கி, வட்டாரவாரியாகப் பட்டியலிட்டு வைக்கலாம். தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் செய்துவருவது இவ்வகைப் பணியே. தனியொருவரின் சேகரிப்பு அங்கு ஆய்வுலகின் பொதுச்சொத்தாயிற்று. இல்ல நாடாவில் உயிருடன் இருப்போரின் அந்தரங்கமும் துயரமும் கலந்திருப்பதால், எதனைப் பிறர்க்குக் காட்டலாம், எதனைக் காட்டலாகாது என்பதைக் குடும்பத்தாரே முடிவு செய்தல் வேண்டும். இணையத்தில் ஏற்றுவது காத்தல் ஆகாது. காத்தலும் பரப்பலும் வேறு வேறு.

முடிவுரை

ஜொகூர்த் தமிழர் தோட்டத்தைவிட்டுப் பெயர்ந்த காலத்தில், அவர்கள் அறியாமலேயே, அத்தோட்ட வாழ்வின் இறுதிக் காட்சிகளைப் பதிவு செய்துகொண்டனர். அப்பதிவுகள் காப்பகத்தில் இல்லை, நூலகத்தில் இல்லை, இல்லங்களில் உள்ளன. ஈரம், வெள்ளம், கருவியின் மறைவு ஆகிய மூன்றும் அவற்றை நெருக்குகின்றன. குறுந்தட்டுக்கு மாற்றிய முதல் அலையில் அவற்றுள் ஒரு பகுதி பிழைத்தது. ஒரு பகுதி வெட்டுண்டு குறைந்தது. ஒரு பகுதி இன்னும் தீண்டப்படாமல் கிடக்கிறது.

அத்தீண்டப்படாத பகுதியே இன்று நம் கவலைக்குரியது. நாடா சிதையும், தட்டும் நலியும், கோப்பும் பழமைப்படும். பெயர்த்தெழுதும் கை ஓயாதிருக்கும் வரையிலேயே பதிவு வாழும் என்பதை ஏட்டுச்சுவடி மரபு நமக்குக் கற்பித்துள்ளது. ஏடு காத்த மரபினராகிய நாம் நாடாவைக் காவாது விட்டால், மூன்று தலைமுறை உழைத்த தோட்டங்களை நம் பேரப்பிள்ளைகள் நில அலுவலக வரைபடத்தில் மட்டுமே காண்பர்.